திட்ட நிதி கேட்கப் போகிறீர்களா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

எங்கள் விவசாயிகள் குழு முதல்முதலாக எழுதிய நிதி விண்ணப்பம் 14 பக்கம். எழுதியது நான்தான். கணக்குப் பார்ப்பவனுக்கு எழுதவும் வரும் என்று எல்லோரும் நம்பியதால் வந்த வினை. மழை பொய்த்தது, உர விலை ஏறியது, பிள்ளைகள் ஊரை விட்டுப் போனது என்று எங்கள் கஷ்டத்தில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. குழுவில் படித்துக் காட்டியபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. இந்த முறை தேர்வாகவில்லை, நன்றி.

சில வருடம் கழித்து, வேறோர் இடத்தில், விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் குழுவில் ஒருவனாக என்னை உட்கார வைத்தார்கள். 62 விண்ணப்பம், மூன்று நாள். முதல் நாள் மத்தியானத்துக்குள்ளேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னுடைய அந்த 14 பக்கத்தைத்தான் முக்கால்வாசிப் பேரும் எழுதியிருந்தார்கள். கஷ்டம் எல்லோருக்கும் இருக்கிறது. அதை வைத்து ஒருவரை எடுத்து ஒருவரை விட முடியாது. கடைசியில் மேலே வந்தவை எவை என்று பார்த்தால், தங்கள் நிலத்தை எண்ணால் அறிந்தவர்கள் எழுதியவை. எந்த மாதம் கிணறு எத்தனை மீட்டர் இறங்குகிறது, ஓர் ஏக்கருக்கு வெளியிலிருந்து என்னென்ன வாங்குகிறார்கள், எத்தனை நாள் மாட்டுத் தீவனம் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அவர்களிடம் இருந்தது. அழகாக எழுதியவர்கள் என்று சொல்ல முடியாது. எழுத்துப்பிழை நிறையவே இருந்தது.

அதனால் விண்ணப்பப் படிவத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

நிதிதான் வேண்டுமா?

இதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. திட்ட நிதி என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்காகத் தரப்படும், திருப்பிக் கட்ட வேண்டாத, ஆனால் மெதுவாக வரும் பணம். அறிவிப்பு வந்து, விண்ணப்பம் போட்டு, தேர்வாகி, ஒப்பந்தம் கையெழுத்தாகி முதல் தவணை கைக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆவது சகஜம். இந்தப் பருவத்து விதைக்கு அதை நம்பி உட்கார்ந்தால் நிலம் தரிசாகத்தான் கிடக்கும். பழைய கடனை அடைக்க யாரும் திட்ட நிதி தர மாட்டார்கள். ஒரே வருடத்தில் போட்ட காசை எடுத்துவிடும் என்று உறுதியாகத் தெரிகிற இயந்திரத்துக்கு, நல்ல வட்டியில் கிடைக்கும் கடனே மேல். அறிக்கை எழுதும் வேலையாவது மிச்சம்.

திட்ட நிதிக்கு ஏற்ற வேலைகள் வேறு. செய்து பார்க்கத் தயக்கமாக இருக்கிற, தோற்றால் ஒரு குடும்பம் தாங்க முடியாத முயற்சிகள் ஒரு வகை. ரசாயன உரத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்ப்பது, மூடாக்கு போட்டு (வைக்கோல், சருகு கொண்டு மண்ணை மூடி) உழவைக் குறைப்பது, கைவிட்டுப்போன பழைய விதை ரகங்களைத் திரும்பக் கொண்டுவருவது போன்றவை. ஒருவர் காசில் செய்தால் பத்துப் பேருக்குப் பயன்படுகிறவை இன்னொரு வகை. பொதுக்குளம், விதை வங்கி, கம்போஸ்ட் கொட்டகை, இயற்கை விளைச்சல் என்பதற்கான சான்று. உங்கள் தேவை இந்த இரண்டில் எதிலும் வரவில்லை என்றால், கொஞ்சம் யோசியுங்கள்.

அப்புறம், அரசு தரும் மானியத்தையும் திட்ட நிதியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மானியம் என்பது விதிமுறைக்குப் பொருந்தினால், ஒதுக்கீடு இருக்கும்வரை கிடைப்பது. படிவம், நில ஆவணம், வரிசை, அவ்வளவுதான். திட்ட நிதி போட்டி. அடுத்தவரை விட நீங்கள் ஏன் என்று சொல்ல வேண்டும். மானியத்தில் கிடைக்கிற பொருளைத் திட்ட நிதியில் கேட்டால், படிக்கிறவர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்.

யார் கொடுக்கிறார்கள், எதற்காக

பெரிய பெயர்களைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியம் என்று ஒன்று ரோமில் இருக்கிறது. 1974இல் நடந்த உலக உணவு மாநாட்டின் விளைவாக 1977இல் உருவானது. கிராமத்து ஏழைகளுக்காகவே இருக்கும் அமைப்புதான். ஆனால் அதன் பணம் பெரும்பாலும் அரசுகள் வழியாகத்தான் போகிறது. உங்கள் குழு அதற்கு நேராகக் கடிதம் எழுதுவதை விட, அதன் திட்டம் உங்கள் பகுதியில் நடக்கிறதா, யார் நடத்துகிறார்கள் என்று விசாரிப்பதில் பலன் அதிகம்.

சிறு குழுக்களுக்கு நேராக வரும் வழிகளில் எனக்குப் பிடித்தது, உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியின் சிறு நிதித் திட்டம். 1992இல் ஆரம்பித்தது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் நடத்துகிறது. தனி ஆளுக்குக் கிடையாது. கிராமத்துக் குழுக்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும்தான். நெடுநாளாக ஒரு திட்டத்துக்கு 50,000 டாலர் வரை என்பது அதன் அளவாக இருந்தது. எந்தத் திட்டத்துக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பது அந்தந்த நாட்டில் இருக்கும் ஒரு குழு. அதில் அரசு சாராதவர்களே அதிகம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஒன்று, அவர்கள் பார்ப்பது சுற்றுச்சூழலை. விளைச்சல் கூடும், வருமானம் கூடும் என்று மட்டும் எழுதினால் நகராது. அந்த நிலத்தில் மண், நீர், பல்லுயிர் ஆகியவற்றுக்கு என்ன ஆகும் என்பது முன்னால் வர வேண்டும்.

தனி விவசாயிக்கே கொடுக்கும் திட்டங்களும் உண்டு. அமெரிக்காவில் 1988 முதல் நடக்கும் நீடித்த வேளாண்மை ஆராய்ச்சி மற்றும் கல்வித் திட்டம், சுருக்கமாக ‘சேர்’, விவசாயி தன் சொந்த நிலத்தில் ஒரு கேள்விக்கு விடை தேடப் பணம் தருகிறது. புதிதாகப் பண்ணை ஆரம்பிக்கவோ இருப்பதைப் பெரிதாக்கவோ தராது. கண்டுபிடித்ததை மற்ற விவசாயிகளுக்குச் சொல்லவும் வேண்டும். நீங்கள் அந்த நாட்டில் இல்லாவிட்டாலும், இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அங்கே வாங்கப்படுவது விடை. முன்னதில் வாங்கப்படுவது சுற்றுச்சூழலில் ஒரு மாற்றம். இன்னொரு அறக்கட்டளைக்குப் பெண்கள் கையில் வருமானம் வருவது முக்கியமாக இருக்கலாம். ஒவ்வொரு நிதிக்கும் அப்படி ஓர் ‘எதற்காக’ இருக்கும். அறிவிப்பை மூன்று தடவை படித்தால் தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால், இதற்கு முன் அவர்கள் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பட்டியலைத் தேடிப் பாருங்கள். பட்டியல் பொய் சொல்லாது.

விண்ணப்பத்துக்கே கட்டணம் கேட்கிறவர், நிதி வாங்கித் தருகிறேன் இவ்வளவு சதவீதம் கொடு என்கிறவர், இவர்கள் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நோட்டு

இதுதான் இந்த வழிகாட்டியின் நடு. விண்ணப்பம் போடுவதற்கு ஆறு மாதம் முன்னாடியே, முடிந்தால் ஒரு முழு வருடம் முன்னாடி, ஒரு நோட்டு ஆரம்பியுங்கள். இன்றைக்கு நிலம் எப்படி இருக்கிறது என்று எழுதி வைக்காவிட்டால், நாளைக்கு மாறியது என்று எதைக் காட்டிச் சொல்வீர்கள்?

எங்கள் குழுவில் ஒரு பாட்டி இருந்தார். அவர் கிணற்றடியில் ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கல். அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு பௌர்ணமி அன்றும் காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால், கயிற்றை விட்டுப் பார்ப்பார். கல் தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் நிறுத்தி, மேலிருந்து முடிச்சை எண்ணிச் சுவரில் கரியால் கோடு போடுவார். ஏன் பௌர்ணமி என்று கேட்டேன். தேதி மறந்துபோகும், நிலா மறக்காது என்றார். அப்படி நான்கு வருடக் கோடு அந்தச் சுவரில் இருந்தது. சுண்ணாம்பு அடிக்க மகன் கேட்டபோதெல்லாம் அவர் விடவில்லை. எங்கள் மூன்றாவது விண்ணப்பம் தேர்வானதற்குக் காரணம் அந்தச் சுவர். நான் செய்தது கோடுகளை எண்ணாக்கி ஒரு பக்கத்தில் எழுதியது மட்டும்தான்.

கிணறு இல்லாதவர்கள் மண்ணை அளக்கலாம். ஆய்வகத்துக்கு மண் மாதிரி அனுப்புவது நல்லதுதான். ஒரே இடத்தில் அள்ளாமல் வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ வரும்வரை குறைத்து அனுப்ப வேண்டும். வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம், மரத்தடி, இங்கெல்லாம் எடுக்கக் கூடாது. ஆனால் ஆய்வகத்தை விட வேகமாகப் பேசும் சோதனை ஒன்று இருக்கிறது.

15 செ.மீ. உள்விட்டமுள்ள குழாயில் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவாக ஒரு வளையம் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்க விளிம்பைத் தேய்த்துக் கூராக்கி, மேலே கட்டை வைத்துத் தட்டி, பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறக்குங்கள். வளையத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து அதன் மேல் 444 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். அந்த வளையத்துக்கு இது சுமார் 2.5 செ.மீ. மழைக்குச் சமம். தாளை மெல்ல உருவி எடுத்துவிட்டு மணி பாருங்கள். தண்ணீர் முழுக்க உள்ளே போய், மேல்மண் வெறுமனே மினுங்குகிற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஊற்றியதைக் காய்ந்த மண் குடித்துவிடும். அதே இடத்தில் இரண்டாவது தடவை ஊற்றிக் கிடைக்கும் நேரம்தான் கணக்கு. வயலில் நாலைந்து இடத்தில் செய்யுங்கள். மாட்டுத்தடம், டிராக்டர் சக்கரத் தடம் உள்ள இடத்திலும் ஒன்று செய்து வையுங்கள். அந்த வித்தியாசத்தைப் பார்த்தால் உங்களுக்கே பகீரென்றிருக்கும்.

ஏன் இதை இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், மண்ணின் கரிமச் சத்தை, அதாவது இலைதழையும் எருவும் மக்கி மண்ணில் சேரும் சத்தை, உயர்த்துவோம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கரிமச் சத்து ஆமை. இரண்டு வருடத் திட்டத்தில் அது கூடியதா, மாதிரி எடுத்ததில் வந்த வேறுபாடா என்று பிரித்துச் சொல்வதே கடினம். சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வீர்கள். நீர் உள்ளே இறங்கும் நேரம், 30 செ.மீ. நீள அகல ஆழத்துக்கு வெட்டியெடுத்த மண்ணில் இருக்கும் மண்புழு எண்ணிக்கை, வெளியிலிருந்து வாங்கிய உர மூட்டை, இவையெல்லாம் இரண்டு வருடத்துக்குள் நகரக்கூடியவை. காசில்லாமல் அளக்கவும் முடியும்.

சான்றிதழும் அப்படித்தான். திட்டத்தின் இரண்டாம் வருடத்திலேயே இயற்கை விளைச்சலுக்கான விலை கிடைக்கும் என்று எழுதியிருந்த ஒரு விண்ணப்பத்தை நாங்கள் ஒதுக்கிவிட்டோம். அமெரிக்க விதிப்படி தடைசெய்த இடுபொருளை (ரசாயன உரம், பூச்சிமருந்து போன்றவை) கடைசியாகப் போட்டதிலிருந்து அறுவடைக்குள் 36 மாதம் கடந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன்னால் 2 வருடம். விற்கப்போகும் சந்தையின் விதியைப் பார்த்துவிட்டுக் காலக்கெடு போடுங்கள். பக்கத்தில்தான் விற்கிறீர்கள் என்றால், விவசாயிகளே ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் பங்கேற்பு உத்தரவாத முறை இருக்கிறது. செலவு குறைவு. எந்தச் சந்தை அதை ஏற்கும் என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வாக்கியம்

நோட்டு கைக்கு வந்தபிறகு, மொத்த விண்ணப்பத்தையும் ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். யார், எத்தனை பேர், எவ்வளவு நிலம், இப்போது என்ன நிலை, எப்போதுக்குள் என்ன நிலை, எப்படித் தெரியும்.

முதல் விண்ணப்பத்தில் நான் எழுதியது: “நீடித்த வேளாண்மையை மேம்படுத்தி, சிறு விவசாயிகளின் வாழ்வாதாரத்தை வலுப்படுத்துவதே இத்திட்டத்தின் நோக்கம்.” இதில் தவறு ஒன்றும் இல்லை. எந்த ஊருக்கும், எந்த வருடத்துக்கும், எந்தக் குழுவுக்கும் பொருந்தும். அதுதான் தவறு.

மூன்றாவதில் எழுதியது: “பொதுக்குளத்தைத் தூர்வாரி, 34 குடும்பங்களின் 41 ஹெக்டேரில் மூடாக்கு போட்டால், இப்போது வெயில் காலத்தில் 9 வாரம் வற்றிக் கிடக்கும் 6 கிணறுகள், இரண்டாம் வருட முடிவில் 4 வாரத்துக்கு மேல் வற்றாது, கயிற்றளவைப் பதிவேடு காட்டும்.” படிக்கக் கரடுமுரடுதான். ஆனால் இதைப் படித்தவர் எங்களிடம் வந்து கிணற்றைக் காட்டு என்று கேட்கலாம். நாங்களும் காட்டலாம்.

100 பேருக்குப் பயிற்சி கொடுப்போம் என்பது நீங்கள் செய்யும் வேலை. அதில் 40 பேர் அடுத்த பருவத்தில் வயலில் செய்தார்கள் என்பதுதான் மாற்றம். படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும். ஒன்றை இன்னொன்றில் எழுதுவதுதான் நான் பார்த்ததில் அதிகம் நடக்கும் பிசகு. அந்தக் கட்டங்கள் வைத்த அட்டவணை 1969இல் அமெரிக்க உதவி நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்டது. இன்றைக்கு வரை அதன் பிள்ளை பேரன்கள்தான் எல்லாப் படிவத்திலும். பார்த்தால் பயமாக இருக்கும். கீழேயிருந்து மேலே படியுங்கள், எளிது. தூர்வாரினால் தண்ணீர் நிற்கும், நின்றால் கிணறு ஊறும், ஊறினால் இரண்டாம் பயிர் வைக்கலாம். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் ‘அனுமானம்’ என்று ஒரு கட்டம். அங்கே ‘இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். மழை வராமல் போகலாம். மேட்டில் இருப்பவர் புதிதாக ஆழ்துளை போடலாம். குத்தகைக்காரரை நிலத்துக்காரர் வெளியேற்றலாம்.

இந்தக் கடைசி விஷயத்தை யாரும் பேச மாட்டார்கள். குத்தகை நிலத்தில் பாடுபட்டு மண்ணை நல்லதாக்கினால், நல்ல மண்ணைப் பார்த்துக் குத்தகையை ஏற்றுவார்கள், இல்லையென்றால் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். நிதியின் பலன் உழைத்தவருக்கு இல்லாமல் பட்டாக்காரருக்குப் போய்விடும். குத்தகைக்காரர்கள் உங்கள் குழுவில் இருந்தால், திட்டக் காலத்துக்காவது, முடிந்தால் இன்னும் இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்து, நிலத்துக்காரரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அதை விண்ணப்பத்தோடு இணையுங்கள். நான் மதிப்பெண் போட்ட 62இல் அப்படி இணைத்திருந்தவர்கள் இரண்டே பேர்.

உலகப் புள்ளிவிவரத்தை முதல் பக்கத்தில் கொட்டாதீர்கள். “உலகின் உணவில் 80 சதவீதத்தைத் தருவது சிறு விவசாயிகள்” என்ற வரி அடிக்கடி வரும். உலக உணவு வேளாண் அமைப்பு சொல்லும் 80 சதவீதம் குடும்பப் பண்ணைகளுக்கு. அதில் பெரிய பண்ணைகளும் உண்டு. 2 ஹெக்டேருக்குக் குறைந்த பண்ணைகள் என்றால் சுமார் 35 சதவீதம். அதுவே பெரிய விஷயம். உலகப் பண்ணைகளில் எண்ணிக்கையில் 84 சதவீதம் அவை, வைத்திருப்பதோ மொத்த விளைநிலத்தில் 12 சதவீதம்தான். படிக்கிறவருக்கு இதெல்லாம் மனப்பாடம். தப்பான எண்ணைப் பார்த்தால் உங்கள் கிணற்று எண்ணையும் சந்தேகப்படுவார்.

பட்ஜெட்

மொத்தச் செலவு நூறு என்று வைத்துக்கொள்வோம். எங்கள் முதல் பட்ஜெட்டில் எழுபது பொருள் வாங்க, பதினைந்து பயிற்சிக்கு, மீதி பதினைந்து ‘இதர செலவு’. இதர செலவு பதினைந்து என்றால், யோசிக்கவில்லை என்று அர்த்தம். அதற்குள் என்னென்ன ஒளிந்திருந்தது என்று பின்னால் பிரித்துப் பார்த்தேன். வண்டி வாடகை, ஜெராக்ஸ், போன், பழுது பார்ப்பது, அறிக்கை எழுத ஒரு ஆளின் நாள், கணக்குத் தணிக்கை. எல்லாமே நியாயமான செலவு. பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

நிர்வாகச் செலவு என்று தனியாக ஒரு விழுக்காடு சிலர் தருவார்கள், சிலர் தர மாட்டார்கள். தனியாகப் பேசி வைத்த விகிதம் இல்லாதவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசு நிதிகளில் 10 சதவீதமாக இருந்தது, 2024 அக்டோபரில் 15 ஆனது. கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. நம்முடைய மின்கட்டணத்தை வேறு யார் கட்டுவார்கள்?

‘உங்கள் பங்களிப்பு எவ்வளவு’ என்ற கட்டத்தைப் பார்த்துச் சின்னக் குழுக்கள் பின்வாங்கிவிடுகின்றன. பங்களிப்பு ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் இல்லை. உங்கள் உழைப்பு, உங்கள் மாடு, உங்கள் டிராக்டரின் மணிநேரம், கூட்டம் நடத்தக் கொடுத்த திண்ணை, எல்லாவற்றுக்கும் மதிப்புண்டு. பக்கத்தில் அதே வேலைக்கு என்ன கூலியோ அதைப் போட்டு, நாள், பெயர், வேலை, மணி, கையெழுத்து என்று ஒரு பதிவேடு வையுங்கள். பெண்களின் வேலையை மறக்காமல் எழுதுங்கள். விதை புடைத்து, காயவைத்து, எடுத்து வைப்பது அவர்கள்தான். எங்கள் முதல் பதிவேட்டில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. எழுதினவன் நான் என்பதால் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

பணம் எப்படி வரும் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே கேளுங்கள். முன்பணமாகத் தவணையில் தருகிறார்களா, நீங்கள் செலவழித்து ரசீது காட்டிய பிறகு தருகிறார்களா? இரண்டாவது என்றால், அதுவரை யார் கைக்காசைப் போடுவது? எனக்குத் தெரிந்த ஒரு குழு வட்டிக்கு வாங்கிச் செலவழித்தது. பணம் திரும்பி வர எட்டு மாதம். வட்டியைச் செலவாக ஏற்கவில்லை. திட்டம் வெற்றி, குழு கடனில். அதுபோலவே, ஒப்பந்தத் தேதிக்கு முந்தைய ரசீது பொதுவாகச் செல்லாது. மழைக்கு முன் வேலை முடியட்டும் என்று நாங்கள் நான்கு நாள் முன்னாடி குழாய் வாங்கிவிட்டோம். ஒரு மீட்டருக்குக்கூடப் பணம் வரவில்லை.

காகிதம், கையெழுத்து, கடைசி நாள்

இதைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, பதிவுச் சான்றிதழிலும் வங்கிப் புத்தகத்திலும் ஒரே எழுத்தில் ஒரே பெயர், விண்ணப்பிக்கலாம் என்று குழு போட்ட தீர்மானம். பதிவு இல்லாத குழு என்றால், பதிவுள்ள ஓர் அமைப்பின் வழியாக வாங்கலாம். அவர்கள் எத்தனை சதவீதம் எடுப்பார்கள், எத்தனை நாளில் பணத்தை மாற்றுவார்கள், வாங்கும் பொருள் யாருக்குச் சொந்தம் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நல்லவர்களாக இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பணத்துக்கு வரி உண்டா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எழுத ஆரம்பிப்பதற்கு முன் நிதி கொடுப்பவரின் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். பயப்பட வேண்டாம், அதற்குத்தான் எண் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் மாதிரிக் குழு தகுதியா, இந்த மாதிரி வேலைக்குக் கொடுப்பீர்களா, போன தடவை எத்தனை பேர் போட்டு எத்தனை பேருக்குக் கிடைத்தது? மூன்றே கேள்வி. முதல் கேள்வியிலேயே ‘இல்லை’ என்றால் ஒரு மாத வேலை மிச்சம்.

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்பிவிடுங்கள். அதற்கும் முன்னால், விவசாயமே தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். படித்து முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு, இவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் சொல் என்று கேளுங்கள். திணறினால், திருத்த வேண்டியது உங்கள் எழுத்தை.

கிடைக்கவில்லை என்றால் மதிப்பீட்டுக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். தரும் இடங்கள் நிறைய உண்டு, கேட்பவர்கள்தான் குறைவு. எங்கள் இரண்டாவது விண்ணப்பத்தின் குறிப்பில், ‘இப்போதைய நிலைக்கு ஆதாரம் இல்லை’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் பாட்டியின் சுவருக்குப் போனேன்.

கிடைத்துவிட்டால்

கடையில் தரும் மெஷின் ரசீது ஆறு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றைக்கே போட்டோ எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டு, பின்னால் எதற்கு வாங்கியது என்று எழுதி வையுங்கள். தணிக்கைக்காரர் முன்னால் வெற்றுத் தாளை நீட்டிய அனுபவம் எனக்கு உண்டு. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த விதம் இன்னும் மறக்கவில்லை.

திட்டம் மாறும். மாறாத திட்டத்தை நான் பார்த்ததில்லை. மாற்றுவதற்கு முன் எழுதிக் கேளுங்கள், மாற்றியபின் விளக்கம் எழுதாதீர்கள். தோற்றதையும் அறிக்கையில் எழுதுங்கள். எங்கள் மூடாக்கில் 11 வயல் கரையான் தின்று போனது. அதை எழுதினால் அடுத்த தவணையை நிறுத்துவார்கள் என்று குழுவில் பெரிய வாக்குவாதம். எழுதினோம். தவணை வந்தது. கூடவே, கரையானுக்கு என்ன செய்யலாம் என்று வேறொரு குழுவின் முகவரியும் வந்தது.

நேரில் பார்க்க ஆள் வருவார்கள். அன்றைக்கென்று பந்தல் போடாதீர்கள். வழக்கமான நாள் மாதிரி இருங்கள், நோட்டை எடுத்து முன்னால் வையுங்கள். எங்களிடம் வந்தவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றார். பாட்டி கயிற்றை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அவர் மெதுவாக இறக்கி, சத்தம் கேட்டதும் நிறுத்தி, எண்ணி, “ஏழு முடிச்சு” என்றார்.

பாட்டி எட்டிப் பார்க்கக்கூட இல்லை. “எட்டு சார். கல் கட்டியிருக்கிற முடிச்சை விட்டுட்டீங்க.”

அவர் கயிற்றை மேலே இழுத்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.